இனிக்கப் பேசிய கூவம்

கூவம் ஆறு முதன்முதலாகப் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பேசியது என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் திட்டியது.

அமைந்தகரைப் பாலத்தருகே கரையைச் சுத்தம் செய்யத் தொண்டர்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிற்றுண்டி சாப்பிட்டு முடித்த காகிதத் தட்டை, மிகுந்த இயல்போடு, தண்ணீரை நோக்கி விசிறினார். கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“யோவ், பச்ச சட்ட! இன்னா நெனச்சிக்கினு கீற? இது இன்னா உங்கூட்டுக் குப்பத்தொட்டியா? எடுயா அத!”

பச்சைச் சட்டைக்காரர் தட்டை எடுத்தார். எடுத்துவிட்டு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தக் குரலை உருவாக்கியவள் ரெபேக்கா. கணினிப் பொறியாளர்; அமைந்தகரையிலேயே பிறந்து வளர்ந்தவள். நதி எழில் கழகம் என்ற அமைப்பு அவளை ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தது. அன்று தொண்டர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் கேட்டவர் டாக்டர் மோகனாம்பாள். ஷெனாய் நகரில் பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டர்களின் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

“நெஜமாவே ஆறுதான் பேசுதா? இல்ல, நீ எங்கயாவது ஒளிஞ்சு மைக்ல பேசறியா?”

“ஆறுதான் டாக்டர். கரை முழுக்க உணரி வெச்சிருக்கேன். தண்ணி எவ்ளோ ஏறுது, என்ன கலக்குது, யார் எந்தப் படியில நிக்கறாங்க, எல்லாம் உள்ள போகும். இந்த நெலமையில ஒரு மனுஷன் இருந்தா என்ன பேசுவான்னு அது யோசிச்சுப் பேசும். வலிச்சா கத்தும். பயந்தா எச்சரிக்கும்.”

“ஏன் இப்படிப் பேசுது?”

“கரையில குடியிருக்கறவங்க பேச்சத்தான் கேட்டுக் கத்துக்கிச்சு. அதுக்கு வேற யார் கெடச்சா?”

மோகனாம்பாளுக்கு ஆற்றை உடனே பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வாரமும் அவர் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் மிதக்கும் கயிறு அடைத்த பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, அதே அறிவுரைகளைச் சொல்வார். தனியாக விளிம்புக்குப் போகாதீர்கள். கையுறை, முழங்கால் பூட்ஸ் இல்லாமல் சேற்றைத் தொடாதீர்கள். உடம்பில் காயம் இருந்தால் மேலேயே நில்லுங்கள். யாராவது விழுந்தால் கூடவே குதிக்காதீர்கள். கயிற்றை எறியுங்கள், கழியை நீட்டுங்கள். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்திருக்கும் நோயாளிகளைப் போலத் தொண்டர்கள் கேட்டுக்கொள்வார்கள். பிறகு தம் விருப்பப்படி நடப்பார்கள். நிறுவனங்கள் அனுப்பிய ஊழியர்கள் பலருக்கு ஆற்றைவிடச் சான்றிதழும், சான்றிதழைவிடப் புகைப்படமும் முக்கியம்.

இப்போது ஆறே அவருக்குத் துணைக்கு வந்துவிட்டது.

“எம்மா, வெறுங்கால்ல எறங்காத. எலி மூத்தரம் கலந்துகீது. ஜொரம் வந்தா என்னிய கேக்காத.”

“தம்பி, போன வெச்சிட்டு மேல ஏறு. அந்த எடம் உள்ள வாங்கும்.”

ஊதல் செய்யாததை அந்தக் குரல் செய்தது. மனிதர்கள் பின்வாங்கினார்கள்.

அவர்களுள் உற்சாகமானவர் இளவழகன். கூட்டுறவு வங்கி மேலாளர். கல்லூரிக் காலத்தில் நீச்சலில் பதக்கம் வாங்கியவர். எல்லாருக்கும் பெரிய ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருவார். மோகனாம்பாளின் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், “டாக்டர், இதுல எந்தப் பல்லப் புடுங்கப் போறீங்க?” என்பார். அவரும் சலிக்காமல், “உங்க கடவாப் பல்லு” என்பார். சிரித்துக்கொண்டே இருவரும் ஒரே சாக்குப் பையில் நெகிழிக் குப்பையைத் திணிப்பார்கள்.

சிக்கல் ஒரு டீஷர்ட்டில் தொடங்கியது. தொண்டர்களுக்கு டீஷர்ட் வழங்கிய அடுக்குமாடி முதலாளி ஒருவர், மரக்கன்று நட வந்தார். மண்ணைத் தொடும் தருணத்தில், கேமராக்கள் எல்லாம் தயாராக இருந்தபோது, கூவம் வாயைத் திறந்தது.

“டீஷர்ட் குடுத்தா சரியாப் பூடுமா நைனா? உன் பில்டிங் பைப்ப மொதல்ல மூடு. நாத்தம் எனக்கே தாங்கல.”

அதை நகரமே பார்த்து ரசித்தது. மறுநாளே கழகம் அவசரமாகக் கூடியது.

கழகத்தின் தலைவர் தாமோதரன், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. ஓய்வு என்பது அவருடைய நாற்காலிக்குத்தான் கிடைத்திருந்தது. குரல் இன்னும் பணியில் இருந்தது.

“ரெபேக்கா, நதி என்பது தாய். தாய் இப்படித் திட்டலாமா?”

“எங்க அம்மா இதவிட நல்லாத் திட்டுவாங்க சார்.”

யாரும் சிரிக்கவில்லை. கழகத்தின் ஆஸ்தானக் கவிஞர் தொண்டையைச் செருமினார். “செந்தமிழில் பேசட்டும். கனிவாகப் பேசட்டும். கேட்பவர் கண் கலங்க வேண்டும்.”

“யாரையும் குறிப்பிட்டுப் பேசக் கூடாது” என்றார் தாமோதரன். “அப்புறம் இந்தப் பயமுறுத்தல். வராத, எறங்காத, எலி, ஜுரம். இப்படிச் சொன்னா யார் தொண்டு செய்ய வருவாங்க?”

“சார், அது பயந்தா பயத்தோட பேசும். அப்படித்தான் கட்டியிருக்கேன். பயத்த எடுங்கன்னா, அந்த எடத்துல வேற எதையாவது வைக்கணுமே?”

தாமோதரன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பாசத்தை வைம்மா.”

ரெபேக்கா வாதாடிப் பார்த்தாள். ஒப்பந்தம் நினைவூட்டப்பட்டது. அவளுடைய நாற்காலிக்கு ஆசைப்படும் வேறு பொறியாளர்களின் பெயர்களும் பேச்சுவாக்கில் வந்து போயின. அவள் பாசத்தை வைத்தாள். பழைய அறிவின் மேல் ஓர் அடுக்கு. உள்ளே ஆறு என்ன நினைத்தாலும் வெளியே வரும்போது இனித்துக்கொண்டு வரும்.

அடுத்த ஞாயிறு கூவம் பேசியது: “வருக, என் அருமைச் செல்வங்களே. உங்கள் விரல்கள் பட்டு என் நெஞ்சு குளிர்ந்தது.”

சிலர் அழுதார்கள். ஒருவர் கரையில் விழுந்து வணங்கி, எழுந்து, நெற்றியில் ஒட்டிய சேற்றைச் சந்தனம்போல அப்படியே விட்டுக்கொண்டார். தொண்டர் கூட்டம் பெருகியது. குப்பை பொறுக்குபவர்கள் கூடவில்லை; ஆற்றோடு பேச வருபவர்கள் கூடினார்கள். வேலை மாற்றம் கிடைக்குமா, மகளுக்கு வரன் அமையுமா என்றெல்லாம் கேட்டார்கள். ஆறு எல்லாருக்கும் நல்லது நடக்கும் என்றது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மாலை மோகனாம்பாள் கிளினிக்கை மூடிவிட்டு நேராக ரெபேக்காவின் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“ரெபேக்கா, போன வாரம் தண்ணி மளமளன்னு ஏறிச்சு. நான் எல்லாரையும் மேல வரச் சொல்லிக் கத்தறேன். உன் ஆறு என்ன சொல்லுது தெரியுமா? ‘இன்று உங்களைத் தழுவ ஆவலாக இருக்கிறேன்.’”

ரெபேக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தெரியும் டாக்டர். உள்ள அது பயந்து கத்துது. கத்துறத எல்லாம் அடுக்கு பாசமா மாத்திடுது. எவ்ளோ பயமோ அவ்ளோ பாசம்.”

“அப்ப அது கொஞ்சினா நாங்க ஓடணுமா?”

“ஆமா.”

“இதப் போயி நான் ஜனங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஆறு உங்கமேல உயிரா இருக்கு, தப்பிச்சு ஓடுங்கன்னா?”

ரெபேக்கா அன்றே தாமோதரனிடம் போய்ப் பேசினாள். தொண்டர் எண்ணிக்கை கூடியிருப்பதை அவர் பெருமையோடு சொன்னார். எச்சரிக்கைக்குத்தான் டாக்டரம்மாவின் ஊதல் இருக்கிறதே என்றார்.

அந்தக் கார்த்திகையில் கழகம் ‘கை நனைப்பு விழா’ ஒன்றை அறிவித்தது. இதற்காகவே கரையில் புதிய படிகள் கட்டியிருந்தார்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் கருங்கல். கைப்பிடி கிடையாது, கைப்பிடி வைத்தால் புகைப்படத்தில் ஆறு மறைகிறது என்று கட்டட வடிவமைப்பாளர் விளக்கியிருந்தார். எல்லாரும் படிகளில் இறங்கி, ஒரே நேரத்தில் ஆற்றில் கை நனைத்து, உறுதிமொழி எடுக்க வேண்டும்.

விழாவுக்கு முன்தினமே மேற்கே ஏரிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. காலையில் மோகனாம்பாள் தாமோதரனை வழிமறித்தார்.

“சார், வேண்டாம். மேல பேசிக்கலாம், பாட்டு பாடலாம், என்ன வேணா செய்யலாம். படியில எறங்க வேண்டாம். பாசி வேற புடிச்சிருக்கு.”

“டாக்டர், வானத்தைப் பாருங்க, வெயில் அடிக்குது. ஆறே கூப்பிடுது. நீங்க என்ன தடுக்கறீங்க?”

ஆறு உண்மையாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“என் கண்மணிகளே, இன்று என் மனம் பொங்குகிறது. இன்னும் அருகில் வாருங்கள். உங்களை விட்டுப் பிரிய மனமில்லை.”

கூட்டம் உருகிப்போய் இறங்கியது. அடிப்படியில் தாமோதரன் நின்றார். அவருக்குப் பின்னால் கவிஞர், டீஷர்ட் முதலாளி, குழந்தைகளைத் தூக்கிவந்த குடும்பங்கள், கைப்பேசிகள். இளவழகனும் படியில் நின்றார். தடுமாறிய ஒரு பெண்மணியின் குழந்தையை வாங்கிக் கையில் வைத்திருந்தார். மோகனாம்பாள் ஊதலை ஊதினார். விழாவின் ஓர் அம்சம் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள்.

“என் உயிரே, என் உயிரினும் மேலானவர்களே,” என்றது ஆறு, “என் மடிக்கு வந்துவிடுங்கள்.”

மோகனாம்பாள் பாலத்தடியில் நின்ற கட்டுப்பாட்டு வேனுக்கு ஓடினார். ரெபேக்கா திரையைப் பார்த்து வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“மேல எங்கயோ மதகு தொறந்திருக்காங்க டாக்டர். தண்ணி வந்துட்டிருக்கு.”

“அந்த அடுக்க எடு.”

“எடுத்தா நான் நாளைக்கு வேலையில இருக்க மாட்டேன்.”

“எடுக்கலேன்னா அவங்க இருக்க மாட்டாங்கடீ!”

ரெபேக்கா எடுத்தாள்.

“ஏய்! ஏறுங்க மேல! எல்லாம் ஏறுங்க!” ஒலிபெருக்கிகள் அலறின. “தண்ணி வருது! அடிச்சிக்கினு பூடும்! யோவ் பெரியவரே, கீழ நிக்காதயா! ஏறு, ஏறு, ஏறு!”

படிகளில் பெரும் சிரிப்பு எழுந்தது. எத்தனையோ மாதமாகக் கேட்காத பழைய குரல்! கைப்பேசிகள் உயர்ந்தன. “தலைவா, கம்பேக்!” என்று ஒருவர் கூவினார். டீஷர்ட் முதலாளிக்கு மட்டும் அந்தக் குரலோடு பழைய பகை இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். அந்தக் கோபம் அவரைக் காப்பாற்றியது. குழந்தைகளோடு வந்தவர்கள் ஏறினார்கள். இளவழகன் குழந்தையைத் தாயிடம் கொடுத்து இருவரையும் மேலே நகர்த்தினார். மற்றவர்கள் படம் எடுத்து முடித்துவிட்டு ஏறலாம் என்று நினைத்தார்கள்.

தாமோதரன் வேனைப் பார்த்துக் கையை வீசினார். நிறுத்து என்பது அதன் பொருள். நிறுத்து என்று இரண்டாம் முறை வீசும்போது தண்ணீர் வந்தது.

அலையாக எழுந்து வரவில்லை. படி சற்றுமுன் இருந்த இடத்தில் சட்டென்று தண்ணீர் இருந்தது. தாமோதரன் உட்கார்ந்தார், பிறகு காணாமல் போனார், பிறகு தூரத்தில் ஒரு வெள்ளை வேட்டியாக மேலே வந்தார். இப்போது எல்லாரும் ஓடினார்கள்.

“யாரும் குதிக்காதீங்க!” மோகனாம்பாள் கரை மேட்டில் காலை ஊன்றி நின்று கயிற்றுப் பையை எறிந்தார். அது குறுக்கே விழுந்து விரிந்தது. தாமோதரன் பிடித்தார். கவிஞர் உட்பட எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். அத்தனை கண்களும் அந்தக் கயிற்றின்மேல் இருந்தன. வேட்டியில்லாமல் வந்து சேர்ந்த தலைவரைக் கரையில் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் யாரோ கத்தினார்கள்.

“இளவழகன் சார் தண்ணிக்குள்ள இருக்காரு!”

ஒரு கை தெரிந்தது. மோகனாம்பாள் ஈரக் கயிற்றை அள்ளி மறுபடியும் எறிந்தார். கை அங்கே இல்லை.

அவரை மறுநாள் கண்டெடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. ஆறு அதுவரை கனிவோடுதான் பேசிக்கொண்டிருந்தது என்பதற்கு ஒலிப்பதிவே சாட்சி. திடீரென்று குரல் கடுமையானதால்தான் மக்கள் பதற்றமடைந்தார்கள் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. ரெபேக்கா நீக்கப்பட்டாள். தாமோதரன் கட்டிலில் சாய்ந்தபடி பேட்டி கொடுத்தார்: “தாய் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.” கயிறு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலைவரைக் காக்கத் தன்னுயிரை ஈந்தவர் என்று இளவழகனுக்கு ‘நதி வீரர்’ பட்டம் கொடுத்தார்கள். பாய்ந்து குதிக்கும் தோற்றத்தில் அவருக்குச் சிலை வைப்பது என்று முடிவாயிற்று. அடுக்கு மறுபடியும் பொருத்தப்பட்டது. கூவம் செந்தமிழில் இரங்கல் தெரிவித்தது.

மோகனாம்பாள் சில வாரம் கிளினிக் பக்கமே போகவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் குதிக்காதீர்கள் என்று சொல்லியும், வாராவாரம் தன்னோடு சிரித்துப் பேசிய மனிதரே குதித்துவிட்டாரே என்ற எண்ணம் அவரை அரித்தது.

அப்போதுதான் இளவழகனின் மனைவி தமயந்தி அவரைத் தேடிவந்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியை. இழவு வீட்டில்கூட அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

“டாக்டர், அந்த ஆத்தப் பேச வைக்கற பொண்ணு வீடு தெரியுமா?”

இருவரும் ரெபேக்காவின் வீட்டுக்குப் போனார்கள். தமயந்தி சுற்றி வளைக்கவில்லை.

“வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அவரு பெரிய தியாகின்னு சொல்றாங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருதும்மா. ரெண்டு பொண்ணுங்க இருக்கு. யாரோ ஒரு பெரிய மனுஷனுக்காகக் குதிச்சிட்டாரு. எங்கள ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா குதிச்சிருப்பாரா? அவரு போட்டோவுக்குப் பூ வைக்கக்கூட எனக்கு மனசு வரல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அந்த ஆத்துக்குத் தெரியுமில்ல? மழுப்பாம சொல்லச் சொல்லு.”

அன்றைய உணரிப் பதிவுகள் ரெபேக்காவின் மடிக்கணினியில் இருந்தன. விசாரணைக் குழு அவற்றைக் கேட்கவே இல்லை. அவளுக்கும் அவற்றைத் திறந்து பார்க்கத் தைரியம் வந்திருக்கவில்லை.

“கேட்டா கஷ்டமா இருக்கும்க்கா. அது நைச்சியமாப் பேசாது.”

“பரவால்ல. போடு.”

ரெபேக்கா தன் மடிக்கணினியில் வைத்திருந்த ஆற்றின் நகலுக்குப் பதிவுகளை ஊட்டினாள். அடுக்கு இல்லாமல் கேட்டாள்: இளவழகன் எப்படி விழுந்தார்?

கணினியிலிருந்து அந்தக் கரகரத்த குரல், எப்போதும் இல்லாத தணிவோடு சொன்னது.

“அவரு குதிக்கலமா. அந்தப் பெரியவரு விழறதுக்கு முந்தியே ஏற ஆரமிச்சிட்டாரு. புள்ளையத் தூக்கிக்கினு போன அம்மாவ முன்னால உட்டு, பின்னாலயே ஏறிக்கினு இருந்தாரு. மேல் படிக்கு ரெண்டு படிதான் பாக்கி. பாசி. கால் வாரிச்சு. புடிச்சிக்க ஒண்ணுமே இல்ல. எங்கிட்ட வரும்போதே மண்ட அடிபட்டிருந்துச்சு. ரொம்ப நேரம் கஷ்டப்படல.”

மோகனாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டார். ரெபேக்கா யாரையும் பார்க்கவில்லை.

“ஏறிட்டுதான் இருந்தாரா?” என்று தமயந்தி கேட்டார்.

“ஆமா. ஏறிக்கினுதான் இருந்தாரு.”

“வீட்டுக்கு வந்துட்டிருந்தாரு” என்றார் தமயந்தி. பிறகு, அத்தனை நாள் வராத அழுகை வந்தது. நெடுநேரம் அழுதார். எழுந்து முகம் கழுவி, போகிற வழியில் பூக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனார்.

சிலைத் திறப்பு விழா தை மாதம் நடந்தது. வெண்கல இளவழகன் தண்ணீரை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார்; நிஜத்தில் இருந்த தொப்பை சிலையில் இல்லை. குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசும்படி தமயந்தியிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். வகுப்பில் பேசுவதுபோல் நிறுத்தி, தெளிவாகப் பேசினார்.

“என் கணவர் குதிக்கல. தலைவரக் காப்பாத்தினது டாக்டர் எறிஞ்ச கயிறு. என் கணவர் எச்சரிக்கையக் கேட்டு மேல ஏறி வந்தார். இந்தப் படியில வழுக்கி விழுந்தார். அவர் வீரர் இல்ல, சொன்னதக் கேட்ட மனுஷன். எங்களுக்குச் சிலை வேண்டாம். தயவுசெஞ்சு கைப்பிடி போடுங்க.”

கவிஞர் கை தட்டத் தொடங்கினார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

“பார்த்தீர்களா? கணவர் செய்த தியாகத்தைக்கூடத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளாத அடக்கம்! இதுவல்லவா தமிழ்ப் பண்பு! சகோதரியின் கோரிக்கை உடனே நிறைவேற்றப்படும்.”

“மெய் சிலிர்க்கிறது என் செல்வங்களே” என்றது கூவம்.

தமயந்தி மோகனாம்பாளைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமயந்தி பூட்ஸும் கையுறையும் வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தார். வேலையில்லாத ரெபேக்காவும் வந்தாள். மோகனாம்பாள் தமயந்திக்கு ஓர் ஊதல் கொடுத்து, கயிறு எறியப் பழக்கினார். பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் வந்தவர்கள் குப்பை பொறுக்கினார்கள்.

தாமோதரனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாசி முடிவதற்குள் கைப்பிடி வந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகு, இடுப்பு உயரம், அசைத்தாலும் அசையாத உறுதி. அதைச் சிலையைச் சுற்றிப் போட்டிருந்தார்கள்.